கோடு நிறைந்தது, வேலை முடிந்ததா?

கணிப்பொறியிலோ கைபேசியிலோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, திரையின் மேல் விளிம்பில் மெல்லிய வண்ணக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அது விறுவிறுவென்று பாய்கிறது. பாதியைக் கடந்ததும் சற்றுத் தயங்குகிறது. வலது ஓரத்தை நெருங்க நெருங்க ஊர்ந்து செல்கிறது. பிறகு திடீரென்று ஓரத்தைத் தொட்டு மறைந்துவிடுகிறது. பக்கம் திறக்கிறது. இதைத்தான் லோடிங் பட்டை என்கிறோம்.

இந்தக் கோட்டைப் பார்க்கும்போது உங்கள் மனம் என்ன செய்கிறது? ‘முக்கால் பங்கு வந்துவிட்டது, இன்னும் கால் பங்குதான்’ என்று கணக்குப் போடுகிறது. வெப்பமானியில் பாதரசம் ஏறியிருக்கும் உயரத்தைக் கொண்டு வெப்பநிலையைச் சொல்கிறோம் அல்லவா? அதைப் போலவே கோட்டின் நீளத்தைக் கொண்டு வேலையின் அளவைச் சொல்லிவிடுகிறோம். அதாவது, லோடிங் பட்டையை நாம் ஓர் அளவுகருவியாக நம்புகிறோம்.

அளவுகருவி என்று எதைக் கண்டாலும் இயற்பியல் ஆசிரியனுக்கு மூன்று கேள்விகள் எழும். இது எதை அளக்கிறது? எந்த அலகில் அளக்கிறது? இதில் பிழை எவ்வளவு? ஆய்வுக்கூடத்தில் ஒரு திருகு அளவியைக் கையில் கொடுத்தால்கூட, முதலில் அதன் பூச்சியப் பிழையைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறோம். ஆனால் தினமும் நூறு முறை பார்க்கும் இந்தக் கோட்டிடம் மட்டும் யாரும் இக்கேள்விகளைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததால் நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வரிகளில் வந்த அழகு

எங்கள் கல்லூரியில் மாணவர்களின் அக மதிப்பெண்களைப் பதிவு செய்வதற்கு ஒரு சிறிய வலைச் செயலி உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்ததால், அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. சக ஆசிரியர்கள் சொன்ன குறை ஒன்றுதான். ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தினால் நான்கைந்து வினாடிகள் திரை அப்படியே நிற்கும். அழுத்தியது ஏற்றுக்கொள்ளப்பட்டதா இல்லையா என்று தெரியாது. பொறுமை இழந்து மறுபடியும் அழுத்துவார்கள். சிலர் மூன்று முறைகூட அழுத்துவார்கள்.

இக்குறையைப் போக்க, பிறர் எழுதி இலவசமாக வெளியிட்டிருக்கும் ஆயத்த நிரல் ஒன்றை இணைத்தேன். நான் எழுத வேண்டியிருந்தது சில வரிகள்தாம். அதன்பின் செயலியிலிருந்து எந்தக் கோரிக்கை சர்வருக்குப் போனாலும் கோடு தானாகத் தோன்றும். எல்லாக் கோரிக்கைகளும் முடிந்ததும் தானாக நிறைந்து மறையும். மறுநாளே பாராட்டு வந்தது. “இப்ப நல்ல வேகமா இருக்கு சார்” என்றார்கள். உண்மையில் வேகம் இம்மியளவும் கூடவில்லை. எனினும் பாராட்டை நான் மறுக்கவில்லை.

மதிப்பெண் பதிவுக்கான கடைசி நாள் வந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் மாலையில் அமர்ந்து 58 மாணவர்களின் மதிப்பெண்களைப் பதிந்தார். ‘சேமி’ பொத்தானை அழுத்தினார். கோடு ஓடி நிறைந்ததைப் பார்த்தார். கணிப்பொறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் அந்த 58 பெயர்களுக்கும் எதிரே வெற்றிடம்! தேர்வு எழுத விடமாட்டார்களோ என்ற பயத்தில் ஒரு மாணவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“சார், கோடு கடைசி வரைக்கும் ஓடிச்சே. நான் பார்த்துட்டுத்தானே எழுந்தேன்?” என்றார் ஆசிரியை. அவர் சொன்னது முழு உண்மை. கோடு ஓடித்தான் இருக்கிறது. ஆனால் அப்போது சர்வர், வேலையைச் செய்ய முடியாமல், பிழைச் செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதுவும் ஒரு பதில்தானே! பதில் வந்தது, ஆகவே கோரிக்கை முடிந்தது, ஆகவே கோடு நிறைந்தது. வந்த பதில் ‘ஆயிற்று’ என்றதா, ‘ஆகவில்லை’ என்றதா என்று பார்க்கும்படி நான் நிரலில் எழுதவேயில்லை.

நல்ல வேளையாக ஆசிரியையின் கையெழுத்துப் பட்டியல் பத்திரமாக இருந்தது. முதல்வரிடம் அனுமதி பெற்று அன்றே மறுபடி பதிந்தோம். தவறு என்னுடையது, ஆயத்த நிரலை எழுதியவருடையது அன்று. ஆனால் அதன் பிறகுதான் அந்தக் கோட்டிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன்.

கோடு ஏன் தேவைப்பட்டது?

முன்பெல்லாம் ஓர் இணைப்பை அழுத்தினால் முழுப் பக்கமும் புதிதாக வந்து இறங்கும். அது வந்துகொண்டிருக்கிறது என்பதை பிரௌசரே தன் மூலையில் ஒரு சின்னத்தைச் சுழற்றிக் காட்டும். 1999-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வெளிவந்தபோது, பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் சர்வரிடம் தகவல் கேட்டுப் பெறும் வசதி அதில் இருந்தது. மற்ற பிரௌசர்களும் இதைப் பின்பற்றின. 2005-இல் இம்முறைக்கு ஏஜாக்ஸ் என்ற பெயர் ஏற்பட்டு எங்கும் பரவியது. பயண முன்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம் என்று இன்று நாம் பயன்படுத்தும் வலைச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ கையாள்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னணியில் நடக்கும் போக்குவரத்துக்காக பிரௌசரின் சின்னம் சுழல்வதில்லை. ஆகவே ‘நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும் பொறுப்பு செயலியை எழுதியவரின் மேல் விழுந்தது. 2013-இல் யூடியூப் தளத்தின் உச்சியில் மெல்லிய சிவப்புக் கோடு தோன்றியது. அதே ஆண்டில், அதைப் போன்ற கோட்டை எவரும் தம் செயலியில் எளிதாக இணைத்துக்கொள்ள உதவும் ஆயத்த நிரல்கள் வெளிவந்தன. அவற்றுள் பெயர் பெற்றவை என்புரோகிரஸ், பேஸ் என்ற இரண்டு. இவற்றின் நிரல்கள் எல்லோரும் படிக்கும்படி திறந்தே வைக்கப்பட்டுள்ளன. நாமும் திறந்து பார்ப்போம்.

முதல் கருவி: கடிகாரத்தோடு ஓடும் கோடு

என்புரோகிரஸ் மிகச் சிறிய நிரல். அதன் ஒரு பதிப்பில் கோடு நகரும் விதி இதுதான்:

கோடு 8 சதவீதத்தில் தொடங்கும். அதன்பின் வினாடிக்கு ஐந்து முறை, அதாவது 0.2 வினாடிக்கு ஒரு முறை, ஓர் எட்டு முன்னே வைக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஓர் எட்டுக்கு 10 சதவீதம். 20-லிருந்து 50 வரை 4 சதவீதம். 50-லிருந்து 80 வரை 2 சதவீதம். 80-லிருந்து 99 வரை அரை சதவீதம். அதற்கு மேல் நகராது. வேலை முடிந்தது என்று செயலி சொல்லும்வரை காத்து நிற்கும். சொன்ன உடனே 100-க்குத் தாவும்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டால் கோட்டின் பயணம் முழுவதும் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 0.4 வினாடியில் 28 சதவீதம். 1.6 வினாடியில் 52 சதவீதம். 4.4 வினாடியில் 80 சதவீதம். 12 வினாடியில் 99 சதவீதம்.

இந்தக் கணக்கில் எங்காவது சர்வர் வந்ததா? தகவலின் அளவு வந்ததா? இணைப்பின் வேகம் வந்ததா? எதுவும் வரவில்லை. வந்தது நேரம் ஒன்றுதான். சர்வர் வேலை செய்துகொண்டிருந்தாலும், செயலிழந்து பதில் தராமல் கிடந்தாலும், காத்திருக்கும் காலம் நீடிக்கும்வரை கோடு 4.4 வினாடியில் 80 சதவீதத்தைக் காட்டியே தீரும்.

மின்தேக்கி மின்னேற்றம் பெறும் வரைபடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அதுவும் முதலில் வேகமாக ஏறிப் பிறகு மெதுவாகத்தான் எல்லையை அணுகும். ஆனால் அந்த வளைகோட்டின் வடிவம் சுற்றில் உள்ள மின்தடையையும் மின்தேக்குத் திறனையும் பொறுத்தது. ஆகவே வளைகோட்டைப் பார்த்து அவற்றின் பெருக்கற்பலனைக் கண்டுபிடிக்கலாம். நமது கோட்டைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்தால் தெரிவதைத்தான் அதுவும் சொல்கிறது.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்நிரலை வெளியிட்டவர் எதையும் மறைக்கவில்லை. ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கையைப் பயனருக்கு ஊட்டுவதற்கான அசைவு இது என்று அதன் அறிமுகக் குறிப்பிலேயே வெளிப்படையாக இருக்கிறது. அக்குறிப்பு நிரலாளர் கண்ணில் படும். திரைக்கு முன்னால் காத்திருப்பவர் கண்ணில் படாது.

இரண்டாம் கருவி: சேராதவற்றைச் சேர்க்கும் கோடு

பேஸ் என்பது ஹப்ஸ்பாட் என்ற நிறுவனத்தார் வெளியிட்டது. இதை முழுத் தானியங்கி எனலாம். பக்கத்தில் இணைத்துவிட்டால் போதும். எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்று நிரலாளர் சொல்லவே தேவையில்லை. அது வெறும் கடிகாரத்தை நம்பாமல் நான்கு செய்திகளைக் கவனிக்கிறது. பின்னணிக் கோரிக்கைகள் எவ்வளவு முடிந்தன, பக்கத்தில் எதிர்பார்க்கும் உறுப்புகள் தோன்றிவிட்டனவா, பக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பிரௌசர் தடுமாறாமல் இயங்குகிறதா என்பன அவை. முன்னதைவிட இது முன்னேற்றந்தான். ஆயினும் இந்தச் செய்திகள் எப்படி எண்களாகின்றன என்று பாருங்கள்.

பக்கத்தின் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரௌசர் மூன்று நிலைகளை மட்டுமே அறிவிக்கும்: ‘ஏறிக்கொண்டிருக்கிறது’, ‘கட்டமைப்பு தயார்’, ‘முடிந்தது’. பேஸ் நிரலில் இவற்றுக்கு முறையே 0, 50, 100 என்று மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது. நடுநிலைக்கு ஏன் 50? அளந்து பார்த்தார்களா? இல்லை, நடுவில் இருப்பதால் 50. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் விழுப்புரத்தில் நிற்கிறது என்பதால் பாதி தூரம் வந்துவிட்டோம் என்று சொல்வதைப் போன்றது இது.

அடுத்து, பின்னணிக் கோரிக்கை. மொத்தம் எத்தனை பைட் என்று தெரிந்தால், வந்த பைட்டை மொத்தத்தால் வகுத்துச் சரியான சதவீதத்தைக் கணக்கிடுகிறது. இது உண்மையான அளவு. மொத்தம் தெரியாவிட்டாலோ, ஒவ்வொரு முறை ஏதேனும் துணுக்கு வரும்போதும், மீதியிருப்பதில் பாதியைக் கடந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறது. 50, 75, 87.5 என்று போகும். அகில்லஸ் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று கிரேக்க அறிஞர் சீனோ போட்ட புதிர்க் கணக்குக்கு இது நெருங்கிய உறவு. எத்தனை பாதி போனாலும் முடிவு வராது.

இவ்வாறு உண்மையாக அளந்த எண், நிரலாளர் நிர்ணயித்த எண், பாதி பாதியாக ஊகித்த எண் ஆகியவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதையும் கண்ணுக்கு இதமாக இருக்கும்படி சீராக்கிக் கோடாக வரைகிறார்கள். மீட்டரையும் கிலோகிராமையும் கூட்டிச் சராசரி எடுக்கும் மாணவனுக்கு நாம் எத்தனை மதிப்பெண் கொடுப்போம்?

உண்மையான அளவை எடுக்க முடியாதா?

நிரலாளர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே உண்மையான தடைகள் இருக்கின்றன.

முதல் தடை, மொத்தம் தெரியாமை. பின்னம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் வேண்டும். மேலே உள்ளது வந்து சேர்ந்த பைட், அதை எண்ணலாம். கீழே உள்ளது வர வேண்டிய மொத்தம். அதைச் சர்வர்தான் முன்குறிப்பில் சொல்ல வேண்டும். படம், பாடல் போன்ற தயாரான கோப்பாக இருந்தால் சொல்லிவிடும். ஆனால் பதிலை அப்போதைக்கப்போது தயாரித்துத் துண்டு துண்டாக அனுப்பும்போது, மொத்தம் எவ்வளவு வரும் என்பது சர்வருக்கே தெரியாது.

இரண்டாம் தடை, சுருக்கம். தகவல்கள் பெரும்பாலும் சுருக்கி அனுப்பப்படுகின்றன. முன்குறிப்பில் இருப்பது சுருக்கிய அளவு. பக்கத்தின் நிரல் எண்ணிப் பார்ப்பது விரித்த அளவு. இரண்டும் பொருந்தாததால், மொத்தம் தெரியாது என்றே பிரௌசர் சொல்லிவிடுவதுண்டு.

மூன்றாம் தடைதான் எல்லாவற்றிலும் பெரியது. மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். கடைக்காரர் உள்ளே பருப்பை எடுத்து, நிறுத்து, கட்டி வைக்கப் பத்து நிமிடம் ஆகிறது. பையை உங்கள் கையில் கொடுக்க ஒரு வினாடி போதும். கைக்கு வந்த பொட்டலங்களை எண்ணி ‘எவ்வளவு முடிந்தது’ என்று சொல்ல முடியுமா? பத்து நிமிடமும் பூச்சியம். கடைசி வினாடியில் நூறு! சர்வரும் இப்படித்தான். தகவல் தொகுப்பில் தேடுவது, கணக்கிடுவது, பதிவது ஆகியவற்றில்தான் அதன் நேரம் கழிகிறது. எங்கள் மதிப்பெண் செயலியில் திரும்பி வரும் பதில் ஓரிரு வரிதான். அதற்குப் பைட் கணக்குப் பார்த்து என்ன பயன்?

ஆகவே, பெரும்பாலான கோரிக்கைகளில் எவ்வளவு முடிந்தது என்ற கேள்விக்கு நேர்மையான விடை ‘தெரியாது’ என்பதே. தெரியாததை ஒரு நீளமாக வரைந்து காட்டுவதுதான் என் ஆட்சேபணை.

எதிர்த் தரப்பின் வாதம்

‘இதனால் யாருக்கு என்ன கெடுதல்? மக்களுக்குக் கோடு பிடித்திருக்கிறதே!’ என்று கேட்கலாம். இந்த வாதத்துக்கு ஆராய்ச்சியின் துணை உண்டு.

1985-இல் பிராட் மையர்ஸ் என்பவர், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, முன்னேற்றப் பட்டைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 48 மாணவர்களைக் கணிப்பொறியில் தகவல் தேடச் சொன்னார். சில தேடல்களில் பட்டை இருந்தது, சிலவற்றில் இல்லை. 86 சதவீதத்தினர் பட்டை இருப்பதையே விரும்பினர். பட்டை துல்லியமாக இல்லாவிட்டாலும், ஒன்றுமே இல்லாததைவிட அது மேல் என்பதே அவர்கள் எண்ணம்.

2007-இல் கிறிஸ் ஹாரிசனும் அவர் குழுவினரும் இன்னொன்றைக் காட்டினர். ஒரே கால அளவு ஓடும் பட்டைகளில், முடிவை நெருங்கும்போது வேகம் எடுப்பது பார்ப்பவருக்குச் சீக்கிரம் முடிந்தது போலத் தோன்றுகிறது. முடிவில் தயங்குவது நீண்டதாகத் தோன்றுகிறது. 2010-இல் ஹாரிசன் வேறு இருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், பட்டையின் மேல் நகரும் வரிகளின் அசைவை மட்டும் மாற்றியே, காத்திருக்கும் நேரம் 11 சதவீதம் குறைந்ததாகத் தோன்றச் செய்ய முடிந்தது.

இந்த முடிவுகளை நான் மறுக்கவில்லை. அவை சொல்வது என்ன? மனிதனுக்குக் காத்திருப்பதைவிட, ஏதும் தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம் என்கின்றன. அழுத்தியதும் ஓர் அசைவு தெரிவது பெரிய ஆறுதல். எங்கள் ஆசிரியர்கள் இரண்டாம் முறை அழுத்துவதை நிறுத்தியதும் அதனால்தான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். முடிவில் வேகம் எடுக்கும் பட்டைதான் மனத்துக்கு இதமானது என்கிறது 2007 ஆய்வு. தானியங்கிப் பட்டையோ முடிவில் ஊர்கிறது. ஏன்? முடிவு எப்போது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஓரத்தைத் தொட்டுவிடாமல் இழுத்தடிக்க வேண்டியிருக்கிறது. உண்மை தெரியாத கோட்டால் இதமாகப் பொய் சொல்லவும் முடியவில்லை.

கெடுதல் யாருக்கு என்ற கேள்விக்கும் வருவோம். இரண்டு வினாடியில் திறக்கும் செய்திப் பக்கத்தில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சில இடங்களில் அந்தக் கோட்டைப் பார்த்து மனிதர் ஒரு முடிவு எடுக்கிறார். மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் மாணவி, கோடு 95-இல் நிற்பதைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சந்தானே’ என்று காத்திருக்கிறாள். சர்வர் எப்போதோ கைவிட்டிருக்கலாம். இன்னொருவர், கட்டணம் செலுத்திவிட்டு, நகராத கோட்டைப் பார்த்து மறுபடி அழுத்துகிறார். வேறொருவர், எங்கள் ஆசிரியையைப் போல, நிறைந்த கோட்டைப் பார்த்து எழுந்து போய்விடுகிறார். காத்திருப்பதா, திரும்ப அழுத்துவதா, எழுந்து போவதா என்ற முடிவுக்கு ஆதாரமாகும் எந்தக் காட்சியும் அலங்காரமாக இருக்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

உங்களுக்குத் தெரிந்த செயலி ஒன்றின் கோடு உண்மையை அளக்கிறதா, கடிகாரத்தை அளக்கிறதா என்பதை நிரலைத் திறக்காமலேயே கண்டுபிடிக்கலாம். தேவையானவை இரண்டு கைபேசிகளும் ஒரு வரைபடத் தாளுமே.

ஒரு கைபேசியில் பக்கத்தைத் திறந்து, மற்றொன்றால் அதை வீடியோ எடுங்கள். பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டி, ஒவ்வோர் அரை வினாடியிலும் கோட்டின் நீளம் திரையின் அகலத்தில் எத்தனை பங்கு என்று குறியுங்கள். நேரத்தைக் கிடையச்சிலும், பங்கைக் குத்தச்சிலும் வைத்து வரையுங்கள். அடுத்து, இணைப்பு மிக மெதுவாக இருக்கும் நேரத்தில் அல்லது இடத்தில் அதே பக்கத்தைத் திறந்து, அதே தாளில் இன்னொரு வளைகோடு வரையுங்கள். கணிப்பொறி இருந்தால், பிரௌசரிலுள்ள நிரலாளர் கருவிகளைக் கொண்டு இணைப்பைச் செயற்கையாக மெதுவாக்கியும் பார்க்கலாம்.

இரண்டு வளைகோடுகளின் சாய்வும் வெவ்வேறாக இருந்தால், கோடு உண்மையாகவே எதையோ அளக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, கடைசியில் 100-க்குத் தாவும் இடம் மட்டும் மாறினால், நீங்கள் பார்த்தது ஒரு கடிகாரம். என் மாணவர்கள் எங்கள் கல்லூரிச் செயலியில் செய்து பார்த்தபோது இரண்டாவது முடிவே கிடைத்தது. ஒப்பிடுவதற்காக ஒரு பெரிய படத்தைப் பதிவேற்றும்போது ஓடும் பட்டையையும் அளந்து பாருங்கள். அங்கே கோப்பின் மொத்த அளவு உங்கள் கருவியிலேயே இருப்பதால், உண்மையான பின்னத்தைக் காட்ட முடியும்.

நேர்மையான பட்டை

குறை சொல்பவன் மாற்று வழியும் சொல்ல வேண்டும். செயலி எழுதும் மாணவர்களுக்கு நான் சொல்வது இவை.

முதலாவது, காத்திருக்கும் நேரத்தை அளந்து பாருங்கள். 0.1 வினாடிக்குள் வரும் பதில் உடனடியாக வந்தது போலவே தோன்றும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடிக்கு மேல் கவனம் நிற்காது. 1968-இல் ராபர்ட் மில்லர் எழுதிய கட்டுரையை ஒட்டி, ஜேக்கப் நீல்சன் 1993-இல் தம் நூலில் தந்த எல்லைகள் இவை. ஒரு வினாடிக்குள் முடியும் வேலைக்குப் பட்டையே வேண்டாம்.

இரண்டாவது, மொத்தம் தெரிந்தால் மட்டும் பின்னத்தைக் காட்டுங்கள். தெரியாவிட்டால் சுழலும் வளையம் போதும். அது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று மட்டுமே சொல்கிறது. தெரியாத எதையும் சொல்வதில்லை. 2014 அக்டோபரில் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5 மொழியில் இதற்காகவே ஓர் உறுப்பு உண்டு. எண் கொடுத்தால் அது அளவைக் காட்டும். எண் கொடுக்காவிட்டால், ‘வேலை நடக்கிறது, எவ்வளவு என்று தெரியாது’ என்ற பொருளில் அசைந்துகொண்டிருக்கும். ‘தெரியாது’ என்று சொல்வதற்கும் தரத்தில் இடம் இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறோம்.

மூன்றாவது, எண்ண முடிந்ததை எண்ணுங்கள். ஏழு கோப்புகளில் மூன்று வந்துவிட்டன என்றால் ‘7-இல் 3’ என்றே காட்டலாம். படிநிலைகள் இருந்தால் ‘அனுப்புகிறோம்’, ‘சரிபார்க்கிறோம்’ என்று சொற்களில் சொல்லலாம். 10 வினாடி கடந்துவிட்டால் ‘வழக்கத்தைவிடத் தாமதமாகிறது’ என்று அறிவிக்கலாம்.

நான்காவது, முடிவதும் வெற்றி பெறுவதும் வேறு வேறு. பதில் பிழையாக வந்தால் கோடு நிறையக் கூடாது. என்ன தவறு என்று எழுத்தில் வர வேண்டும். பணமும் விண்ணப்பமும் மதிப்பெண்ணும் சம்பந்தப்பட்ட இடத்தில் பதிவு எண் ஒன்றைக் கொடுங்கள். ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் சர்வர் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

எங்கள் செயலியில் அந்த மெல்லிய கோடு இப்போது இல்லை. ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் பொத்தான் மங்கி, ‘அனுப்புகிறோம்’ என்ற சொல் தோன்றும். சர்வர் பதிந்து முடித்து, தானே எண்ணிச் சொன்ன பிறகுதான் அடுத்த வரி வரும்: ‘58 மாணவர்களின் மதிப்பெண்கள் பதிவாயின’. பக்கத்தில் நேரமும் பதிவு எண்ணும் இருக்கும். அழகு குறைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், உண்மைதான். மூத்த ஆசிரியை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதிவு எண்ணைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகுதான் கணிப்பொறியை நிறுத்துகிறார்.

நீங்கள் வரையும் வளைகோடுகள் எப்படி வந்தன என்று உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முறை திரையில் கோடு ஓடும்போது, ஆய்வுக்கூடத்தில் கேட்கும் முதல் கேள்வியை அதனிடமும் கேளுங்கள்: நீ எதை அளக்கிறாய்?